நாற்பத்தொன்றாம் எண் கத்தி

1

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி வாக்கில், எங்கள் வீட்டு வாசலில் இரண்டு போலீஸ்காரர்கள் வந்து நின்றார்கள். ஸ்கார்பரோவில் இந்த வீட்டுக்கு நாங்கள் குடிவந்து இருபது வருடத்துக்கு மேலாகிறது. போலீஸ் வந்து கதவைத் தட்டியது இதுதான் முதல் தடவை. தெருவில் ஒரு கார் திருட்டுப் போய்விட்டதாம். எங்கள் கராஜைக் கொஞ்சம் பார்க்கலாமா என்று மரியாதையாகத்தான் கேட்டார்கள்.

நான் கராஜைத் திறந்தேன். அதோடு விட்டேனா? நிலவறைக் கதவையும் திறந்துவிட்டேன். அரிசி மூட்டை வைத்திருக்கும் அலமாரியைத் திறந்து காட்டினேன். அவ்வளவு பெரிய காரை அரிசி அலமாரியில் எவன் ஒளித்து வைப்பான் என்று அந்த இளம் போலீஸ்காரருக்கே சிரிப்பு வந்துவிட்டது. டீ குடிக்கிறீர்களா என்றும் கேட்டேன். கடைசியில் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, எங்கே கையெழுத்துப் போடவேண்டும் என்று அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மாடியிலிருந்து என் மகள் வித்யா இறங்கி வந்தாள். அவள் இங்கே குற்ற வழக்குகளில் வாதாடும் வக்கீல். அன்று வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் நின்றபடி, குரலை உயர்த்தாமல், வாரண்ட் இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றார்கள். அப்படியானால் நன்றி, போய் வாருங்கள் என்றாள். அவர்களும் தொப்பியைத் தொட்டுவிட்டுப் போய்விட்டார்கள். போலீஸை இப்படி வாசலோடு அனுப்ப முடியும் என்பதை எழுபது வயதில் கண்ணால் பார்த்தேன்.

பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"கதவைத் திறந்தது உங்க இஷ்டம்ப்பா. ஆனா பேனாவை எதுக்கு எடுத்தீங்க? அவங்க எதுலயும் சைன் பண்ணச் சொல்லலையே?"

"பழக்கம்மா" என்றேன்.

"என்ன பழக்கம்?"

அந்தப் பழக்கத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். ஊரில் இதைப் படிப்பவர்களில் கீழ்கோத்தகிரிப் பக்கத்துக்காரர்கள் யாராவது இருந்தால், எந்த எஸ்டேட், எந்தக் கிளார்க் என்று இரண்டு பத்தியிலேயே கண்டுபிடித்துவிடுவீர்கள். கண்டுபிடியுங்கள். இனி எனக்கு அதில் பயமில்லை.

2

அன்று மத்தியானச் சாப்பாட்டில் மகளுக்கும் எனக்கும் சண்டை. இந்த நாட்டில் சமீபத்தில் வந்த தீர்ப்புகளை அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒருவருடைய இன்டர்நெட் முகவரி எண்ணைக் கேட்டு வாங்குவதுகூடச் சோதனைதான், அதற்கும் கோர்ட் அனுமதி வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதாம். இன்னொரு வழக்கில், வீட்டுக்குச் சொந்தமான வண்டிப்பாதையில் வைத்து ஒருவரைக் குடித்திருக்கிறாரா என்று நிறுத்திப் பார்த்தது தவறு என்று சொன்னார்களாம். ஆனால் அதில் கிடைத்த சாட்சியத்தை மட்டும் ஏற்றுக்கொண்டார்களாம்.

"அது எங்க ஊர் மாதிரி" என்றேன். "வந்த வழி தப்பா இருந்தாலும் கிடைச்ச பொருள் கிடைச்சதுதான்னு நம்ம கோர்ட்டும் ரொம்ப நாளாச் சொல்லுது."

"இப்ப இந்தியாவுல சர்ச் பண்றப்ப வீடியோ எடுக்கணும்னு சட்டம் வந்திருக்குல்ல? நல்லதுதானே?"

"வீடியோ எடுக்கறவன் எப்ப பட்டனை அமுக்கறான்னு யாரு வீடியோ எடுப்பா?"

அவள் சிரித்தாள். தன் கட்சிக்காரர் ஒருவரைப் பற்றிச் சொன்னாள். போலீஸ் அனுமதியில்லாமல் உள்ளே நுழைந்து, கட்டிலுக்கடியில் துப்பாக்கியை எடுத்தது. வந்த வழி சட்டவிரோதம் என்று நீதிபதி அந்தத் துப்பாக்கியைச் சாட்சியமாக ஏற்கவில்லை. ஆள் வீட்டுக்குப் போய்விட்டான்.

"துப்பாக்கி அவனோடதுதானே?"

"ஆமா."

"இது என்ன அநியாயம்!" என்று மேசையைத் தட்டிவிட்டேன். தண்ணீர் டம்ளர் கவிழ்ந்தது. இந்த ஊர்ச் சட்டத்துக்கு மூளை இருக்கிறதா என்று கத்தினேன். என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

வித்யா கவிழ்ந்த டம்ளரை நிமிர்த்தி வைத்தாள். "நிஜமான துப்பாக்கிக்கே இவ்வளவு கேள்வி கேட்டாத்தான்ப்பா, பொய்யா ஒண்ணைக் கொண்டுவந்து வைக்க அவங்களுக்குப் பயம் வரும்."

அவளுடைய தமிழ் அரைகுறை. ஆபீசில் அவளை 'விட்' என்று கூப்பிடுகிறார்கள். வீட்டிலும் பாதி நேரம் ஆங்கிலம்தான். அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் பிசிறில்லாத தமிழில் சொன்னாள். நான் சோற்றைப் பாதியில் விட்டு எழுந்து கை கழுவிவிட்டேன்.

3

நாங்கள் மேட்டுப்பாளையத்துக் கடைக்காரக் குடும்பம். எனக்குக் கடை பிடிக்கவில்லை. எஸ்டேட் ஆபீசில் கிளார்க் வேலை கிடைத்ததும் மலையேறிவிட்டேன். இருபத்தாறு வயது. தேயிலை பற்றி ஒன்றும் தெரியாது, ஆனால் ஏடு எழுதுவதில் புலி. எந்தப் பொருள் வெளியே போனாலும் உள்ளே வந்தாலும் என் கையெழுத்தில் ஒரு வரி இருக்கும்.

கவ்வாத்துக் கத்திக்கும் ஒரு ஏடு இருந்தது. தேயிலைச் செடியை வருடத்தில் ஒரு பருவம் வெட்டிக் குட்டையாக்குவதுதான் கவ்வாத்து. அதற்குரிய வளைந்த கத்தி எஸ்டேட்டுக்குச் சொந்தம். பிடிக்கு மேலே இரும்பில் எண் அடித்திருக்கும். பருவம் தொடங்கும்போது ஆளுக்கொரு கத்தி கொடுத்து ஒரு பக்கத்தில் எழுதுவேன். முடிந்ததும் திரும்ப வாங்கிப் பின்னால் வேறொரு பக்கத்தில் எழுதி, ஸ்டோரில் வைத்துப் பூட்டுவேன். சாவி என் இடுப்பில் இருக்கும்.

நாற்பத்தொன்றாம் எண் கத்தி செல்லையாவுடையது. செல்லையா இலங்கையிலிருந்து கப்பலில் திருப்பி அனுப்பப்பட்ட குடும்பம். தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீட்டை 'லயம்' என்பார். என்னைக் 'கிளாக்கர் ஐயா' என்பார். கவ்வாத்தில் அவர் கைக்கு ஈடு எங்கள் எஸ்டேட்டில் யாருமில்லை. மனைவி காமாச்சி கொழுந்து எடுப்பாள். இரண்டு சின்னப் பெண் பிள்ளைகள்.

ஒருநாள் கொழுந்து நிறுக்கும் இடத்தில் ரங்கசாமி மேஸ்திரி காமாச்சியின் கூடையைத் தட்டிவிட்டு, அவள் கையைப் பிடித்து இழுத்தார். செல்லையா எல்லோர் முன்னிலையிலும் சொன்னார்: "இன்னொருக்கா கையத் தொட்டா ஒனக்குக் கை இருக்காது."

மூன்று வாரம் கழித்து ஏழாம் நம்பர் தேயிலைக்காட்டு வடிகாலில் மேஸ்திரி கிடந்தார். கழுத்தில் இரண்டு வெட்டு. பிணத்தைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன். தலையைத் தனியாகப் பிடிக்கவேண்டியிருந்தது.

செல்லையா கொன்றாரா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. மேஸ்திரி செத்த அன்று நாற்பத்தொன்றாம் எண் கத்தி என் ஸ்டோரில், என் பூட்டுக்குள் இருந்தது. கவ்வாத்து முடிந்து கத்திகள் திரும்பி வந்து பத்து நாள் ஆகியிருந்தது.

4

மறுநாள் காலை, வேலைக்கு ஆளெடுத்துப் பிரித்து அனுப்பும் நேரம். எல்லோரும் பெரட்டுக்களத்தில் வரிசையில் நிற்க, ஜீப் வந்தது. இன்ஸ்பெக்டரும் ஐந்து கான்ஸ்டபிள்களும். செல்லையாவை வரிசையிலிருந்து தலைமுடியைப் பிடித்து இழுத்தார்கள். கொழுந்துச் சாக்கு தொங்கும் கட்டையில் கையைக் கட்டினார்கள். முதலில் உள்ளங்கால். பிறகு முழங்கால். லத்தி ஒன்று முறிந்தது, இன்னொன்று கொண்டுவந்தார்கள். கத்தி எங்கே, கத்தி எங்கே என்று ஒரே கேள்வி. "ஸ்டோருல குடுத்தாச்சுங்க சாமி" என்று அவர் கத்திக்கொண்டே இருந்தார். வலது கையைத் தரையில் வைத்துப் பூட்ஸ் காலால் மிதித்தார்கள். விரல்கள் முறிந்த சத்தம் வரிசையின் கடைசி ஆளுக்கும் கேட்டது. இருநூறு பேர் நின்றோம். நான் ஆபீஸ் படியில் நின்றேன், சாவி இடுப்பில்.

அப்புறம் லைன் வீட்டுக்குப் போனார்கள். இலங்கையிலிருந்து கொண்டுவந்த தகரப் பெட்டியைப் பூட்டோடு பிளந்தார்கள். அரிசிப் பானையைக் கவிழ்த்துக் கொட்டினார்கள். அடுப்பை இடித்தார்கள். தலையணையைக் கிழித்தார்கள். சாமி படத்தைக் கழற்றிப் பின்னால் பார்த்துவிட்டு வெளியே எறிந்தார்கள். காமாச்சி குறுக்கே வந்தபோது ஒரு கான்ஸ்டபிள் அவளைச் சுவரில் மோதினான். நெற்றி பிளந்து ரத்தம் கண்ணை மூடியது. பிள்ளைகள் இரண்டும் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு அலறின. கத்தி கிடைக்கவில்லை. எப்படிக் கிடைக்கும்?

இன்ஸ்பெக்டர் ஆபீசுக்கு வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தார். கைக்குட்டையால் கையைத் துடைத்துக்கொண்டார்.

"ஏனுங்க கிளார்க், ஒரு காப்பி கிடைக்குங்களா?"

காப்பி வந்தது. குடித்தார். நாலு வெள்ளைத் தாளை மேசையில் வைத்தார்.

"வழக்கம் போலத்தானுங்க. கீழே ஒரு கையெழுத்துப் போட்டுருங்க. மேல எழுதறதை நாங்க எழுதிக்கறோம்."

வழக்கம் போல என்றால் என்ன என்று சொல்லவேண்டும். போலீஸ் ஓரிடத்தில் ஒரு பொருளைக் கைப்பற்றினால், எங்கே, எப்படி எடுத்தது என்று எழுதி, இரண்டு பேரிடம் சாட்சிக் கையெழுத்து வாங்கவேண்டும். மகஜர் என்பார்கள். சுற்று வட்டாரத்தில் சாராயம் பிடித்தாலும், தேயிலை மூட்டை பிடித்தாலும் அந்தக் கையெழுத்து என்னுடையதுதான். எழுதப் படிக்கத் தெரிந்தவன், எஸ்டேட் முத்திரை வைத்திருப்பவன், கோர்ட்டுக்குக் கூப்பிட்டால் வெள்ளைச் சட்டை போட்டு வருபவன். இடத்தை நான் பார்த்தே இருக்கமாட்டேன். ஜீப் சத்தம் கேட்டாலே பேனாவை எடுத்துவிடுவேன். அதில் ஒரு பெருமைகூட இருந்தது. அரசாங்கமே என்னைத் தேடி வருகிறது என்ற பெருமை. தூ!

நாலு தாளிலும் போட்டேன். இன்னொரு சாட்சியாக எஸ்டேட் டிரைவர் போட்டார்.

"அந்த செல்லையாவுக்குக் குடுத்த கத்தி எதுங்க?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அது ஸ்டோர்ல இருக்குங்க. திருப்பிக் குடுத்துட்டாருங்க."

"எடுங்க, பாக்கலாம். மாதிரிக்கு வேணும்."

நான்தான் திறந்தேன். நான்தான் தேடி எடுத்துக் கொடுத்தேன். ஒரு செய்தித்தாளில் சுற்றி எடுத்துப் போனார். பழக்க தோஷம், உடனே ஏட்டைத் திறந்து, கத்திகள் திரும்பி வந்த பக்கத்தின் அடியில் ஒரு வரி எழுதினேன்: 'எண் 41, மாதிரிக்காக போலீஸ் எடுத்துச் சென்றது.' தேதி போட்டுச் சுருக்கொப்பமும் வைத்தேன்.

இரண்டு நாளில் செய்தி வந்தது. செல்லையாவே கூட்டிக்கொண்டு போய், வடிகால் பக்கத்துப் புதரிலிருந்து ரத்தக்கறையோடு கத்தியை எடுத்துக் கொடுத்தாராம். நானும் டிரைவரும் கூட நின்று பார்த்தோமாம். ரத்தம் மனித ரத்தம்தான் என்று பிறகு அறிக்கையும் வந்தது. அந்த ரத்தத்துக்கு எங்கே போனார்கள் என்று நான் கேட்கவில்லை. செல்லையாவின் விரல்களிலிருந்தே வேண்டிய அளவு வந்திருக்கும்.

5

வழக்கு விசாரணைக்கு வர ஒன்றரை வருடம் ஆயிற்று. சாட்சி சம்மன் வந்த வாரம் இன்ஸ்பெக்டர் ஆபீசுக்கு வந்தார்.

"அந்தக் கத்தி ஏட்டைக் கோர்ட்டுக்குக் கொண்டாங்க. பாத்துக் கொண்டாங்க." சொல்லிவிட்டுச் சிரித்தார். "ஸ்டோர் சாவி யார்கிட்ட இருந்துச்சுன்னு ஜட்ஜய்யா கேட்டா, நானும் சொல்லித்தானே ஆகோணுங்க?"

எனக்குப் புரிந்தது. கத்தி ஸ்டோருக்குத் திரும்பி வந்துவிட்டது என்றால், சாவி வைத்திருந்த நான்தான் கொலைக்குப் பதில் சொல்லவேண்டும்.

அன்று சாயங்காலம் காமாச்சி ஆபீஸ் வாசலுக்கு வந்தாள். நெற்றியில் தழும்பு. உள்ளே வரவில்லை, வாசல்படிக்கு வெளியே நின்றாள்.

"கிளாக்கர் ஐயா, நீங்க எல்லாத்தையும் எழுதி வப்பீங்களே. ஒரு மம்பட்டி போனாக்கூட எழுதுவீங்களே. கத்திய அவரு திருப்பிக் குடுத்துட்டாருன்னு அந்த ஏட்டுல இருக்குமேங்க. அத மட்டும் கோர்ட்டுல காட்டுங்கய்யா. வேற ஒன்னும் நீங்க பேச வேணாம்."

"பாக்கலாம்" என்றேன்.

"அது போதுங்கய்யா. பொய் சொல்லச் சொல்லல. எழுதினத காட்டுங்க."

கும்பிட்டுவிட்டுப் போனாள். அவள் அந்த ஏட்டை நம்பினாள். அதை எழுதிய ஆளையும் நம்பினாள். அது அவள் செய்த தப்பு.

கோர்ட்டில் செல்லையாவைக் கூண்டில் நிறுத்தியிருந்தார்கள். வலது கை விரல்கள் ஒட்டிக்கொண்டு கொக்கியாக வளைந்திருந்தன. என்னைப் பார்த்ததும் அந்தக் கையைத் தூக்கிக் கும்பிட முயன்றார். அரசு வக்கீல் கத்தி வாங்கிக்கொண்ட பக்கத்தைக் காட்டினார்: எண் 41, செல்லையா, கைநாட்டு. ஆமாம் என்றேன். மகஜரில் இருப்பது உங்கள் கையெழுத்தா என்றார். ஆமாம். உங்கள் முன்னிலையில்தான் கத்தியை எடுத்துக் கொடுத்தாரா?

"ஆமாங்க."

செல்லையாவுக்காக அரசாங்கம் வைத்த இளம் வக்கீல் எழுந்தார். கத்தியைத் திருப்பிக் கொடுத்ததாக என் கட்சிக்காரர் சொல்கிறாரே என்றார்.

"ஏட்டில் அப்படிப் பதிவு இல்லைங்க" என்றேன்.

அவர் ஏட்டைப் புரட்டிப் பார்த்தார். உண்மைதான், இல்லை. உட்கார்ந்துவிட்டார்.

ஆயுள் தண்டனை. நாலாவது வருடம் செல்லையா ஜெயிலிலேயே செத்தார். நெஞ்சில் அடிபட்ட பழைய காயம் என்றார்கள்.

6

தீர்ப்பு வந்த மாதமே, வீட்டைக் காலி செய்யச் சொல்லி காமாச்சிக்கு நோட்டீஸ் போனது. லைன் வீடு வேலை செய்யும் ஆளின் பேரில் இருப்பது. ஆள் ஜெயிலுக்குப் போனால் வீடும் போகும். அந்த நோட்டீஸையும் தட்டச்சு செய்தவன் நான்தான். எரிகிற வீட்டில் கொள்ளியும் பிடுங்கினேன்.

அவள் நோட்டீஸைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தாள். இந்தத் தடவை வாசல்படியில் நிற்கவில்லை. உள்ளே வந்து என் மேசை முன்னால் நின்றாள். பெற்றுக்கொண்டதற்குக் கைநாட்டு வைக்கச் சொல்லி மை டப்பாவை நகர்த்தினேன். அவள் மை டப்பாவைத் தொடவில்லை. என் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கி, மேசைமேல் இருந்த என் வலது கையில், கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே, முழுப் பலத்தோடு குத்தினாள். பேனா முள் சதைக்குள்ளே முறிந்தது. நான் கத்தினேன். அவள் கத்தவில்லை.

"இந்தக் கையா?" என்றாள். "இந்தக் கைதானே?"

இரண்டு பேர் அவளை இழுத்துப் போனார்கள். துரை, அதாவது எஸ்டேட் மேனேஜர், புகார் கொடுக்கச் சொன்னார். கொடுத்திருந்தால் ஜீப் வந்திருக்கும், மகஜர் எழுதியிருப்பார்கள், பேனாவைக் கைப்பற்றியிருப்பார்கள். நான் கொடுக்கவில்லை. அந்த ஒரு நல்ல காரியத்தை வைத்துக்கொண்டு இத்தனை வருடம் என்னை நானே தட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவள் பிள்ளைகளோடு கூடலூர்ப் பக்கம் போனதாகக் கேள்வி. தேடிப் போகவில்லை.

பல வருடம் கழித்து, என் மனைவிக்கு நர்ஸ் வேலை கிடைத்து, அவள் பேரில் இங்கே வர விசாவுக்கு மனு போட்டோம். ஊர்ப் போலீஸிடமிருந்து நன்னடத்தைச் சான்று வேண்டும் என்றார்கள். அதே ஸ்டேஷன். எங்களுக்கு ரொம்ப ஒத்தாசையாக இருந்தவர் என்று பழைய ரைட்டர் எழுந்து நின்று, ஒரே நாளில் முத்திரை குத்திக் கொடுத்தார். அந்தச் சான்றுதான் என்னை விமானம் ஏற்றியது.

7

போலீஸ்காரர்கள் வந்துபோன அந்த வாரம் முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது, பாஸ்போர்ட் வைக்கும் தோல் உறையை எடுத்துக்கொண்டு வித்யாவிடம் போனேன். அதன் உள்மடிப்பில் இருந்த தாளை எடுத்துக் கொடுத்தேன். கோடு போட்ட, பழுத்துப்போன தாள்.

அவளுக்குத் தமிழ் படிக்க நேரமாகும். விரல் வைத்துப் படித்தாள். கத்தி எண்கள், திருப்பிக் கொடுத்தவர் பெயர்கள். எண் 41, செல்லையா. அடியில் கடைசி வரி.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். மேலே உங்களுக்குச் சொன்னதைத்தான் சொன்னேன். கையிலிருக்கும் தழும்பு கவ்வாத்துக் கத்தி பட்டது என்று சின்ன வயதிலிருந்து அவளுக்குச் சொல்லிவைத்திருந்தேன், அதையும் சொன்னேன். அவள் என் கையைப் பார்க்கவில்லை. தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போலீஸ் மிரட்டி உங்ககிட்ட இருந்து இதைப் பிடுங்கலையா?"

"இல்லம்மா."

"அப்ப இதைக் கிழிச்சது?"

"நான்தான். சாட்சி சொல்லப் போற அன்னைக்குக் காலையில."

"ஏன் எரிச்சுப் போடலை?"

"கோர்ட்டுக்குப் போனப்புறம் மனசு மாறினா எடுத்துக் காட்டலாம்னு நெனச்சேன்."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். வக்கீலாகக் குறுக்கு விசாரணை செய்யும்போது அவள் எப்படி இருப்பாள் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

"அப்ப நீங்க பதிவு இல்லைன்னு சொன்னப்ப, இது எங்க இருந்துச்சு?"

என் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. இப்போது அங்கே வெறும் பேனாதான் இருந்தது.

"இங்க. பேனாவுக்குப் பின்னாடி. நாலா மடிச்சு."

வித்யா எழுந்து தாளோடு தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் தட்டவில்லை. அவள் செல்லையாவின் பெண் பிள்ளைகளைத் தேட ஆரம்பித்திருக்கிறாள் என்று என் மனைவி சொல்கிறாள். கண்டுபிடித்தால் அந்தத் தாள் அவர்களிடம் போகும். அதன்பின் அவர்கள் என்னை என்ன செய்தாலும் சரி.

செல்லையாவின் வீட்டில் அரிசிப் பானையைக்கூட விடவில்லை. தலையணையைக் கிழித்தார்கள், சாமி படத்தின் பின்னால்கூடப் பார்த்தார்கள். கோர்ட்டில் கூண்டேறி நின்ற என் சட்டைப்பையை மட்டும் யாரும் சோதனை போடவில்லை.